சட்டமன்ற உரிமை மீறல் விவகாரத்தை முழுதாகப் படிப்பது எப்படி? குட்கா நோட்டீஸை வைத்து ஒரு வழிகாட்டி

அண்ணன் மகள் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறாள். "சித்தப்பா, எம்.எல்.ஏ. சபையில தப்பு செஞ்சா யார் விசாரிப்பாங்க?" என்று கேட்டாள். ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

படி 1: குழுவின் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

நாடாளுமன்றத்தில், உறுப்பினர்களின் நடத்தையை விசாரிக்க நெறிமுறைக் குழு இருக்கிறது. மாநிலங்களவையில் 1997 முதல், மக்களவையில் 2000 முதல். 2023 டிசம்பரில் திரிணமூல் எம்.பி. மஹுவா மொய்த்ரா பதவி இழந்தது அந்தக் குழுவின் அறிக்கையின் பேரில்தான். தமிழ்நாடு சட்டமன்றத்தில் அந்தப் பெயரில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இங்கே உரிமைக் குழு என்று தேடுங்கள். அவைக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள சிறப்புரிமைகள் மீறப்பட்டதாக வரும் புகாரை விசாரிப்பது அதுதான். செய்தித்தாள்கள் "உரிமை மீறல் குழு" என்றும் எழுதும். இரண்டும் ஒன்றே.

படி 2: அரசியல் சட்டத்தின் 194, 212 பிரிவுகள்

இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம்தான். சட்டமன்றத்தின் உரிமைகளைப் பற்றிப் பேசுவது 194. அந்த உரிமைகள் எவையெவை என்று பட்டியலிட்டு இன்றுவரை சட்டம் இயற்றப்படவில்லை. சண்டைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. நடைமுறையில் குறை இருந்தது என்ற காரணத்துக்காக அவை நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது 212. ஆனால் நடவடிக்கை அரசியல் சட்டத்துக்கே முரணாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2007இல் ராஜா ராம் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், அடுத்து வேண்டியிருக்கும்.

படி 3: போகும் பாதை

உறுப்பினர் பிரச்சினையை எழுப்புவார். முகாந்திரம் இருப்பதாகப் பேரவைத் தலைவர் (சபாநாயகர்) கருதினால் உரிமைக் குழுவுக்கு அனுப்புவார். குழு நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அவைக்கு அறிக்கை தரும். குழுவே தண்டிப்பதில்லை, முடிவு அவையுடையது. வெளியாள்களும் இதில் சிக்கலாம். 2003 நவம்பர் 7 அன்று தி இந்து நாளிதழின் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறைத் தண்டனை விதித்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது.

படி 4: நோட்டீஸ்களை எண்ணுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். 2017 ஜூலை 19 அன்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினும் தி.மு.க. உறுப்பினர்கள் 20 பேரும் குட்கா பாக்கெட்டுகளை அவையில் காட்டினார்கள். தடை செய்த பொருள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம். விஷயம் உரிமைக் குழுவுக்குப் போனது. துணை சபாநாயகர் பொள்ளாச்சி ஜெயராமன் தலைமையிலான குழு ஆகஸ்ட் 28இல் நோட்டீஸ் அனுப்பியது. 2020 ஆகஸ்ட் 25 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் 2021 பிப்ரவரியில் "குட்கா நோட்டீஸ் ரத்து" என்று இன்னொரு செய்தி. ஒரே நோட்டீஸை இரண்டு முறை எப்படி ரத்து செய்வார்கள்? நாள்களைத்தான் தவறாக எழுதிவிட்டேனோ என்று மூன்று நாள் குழம்பினேன்.

நோட்டீஸ்கள் இரண்டு. முதலாவது, தடை செய்த பொருளைக் காட்டினார்கள் என்ற அடிப்படையில் வந்தது. தயாரிப்பு, சேமிப்பு, விற்பனை போன்றவற்றுக்குத்தான் தடை. எடுத்துக் காட்டுவது அதில் வராது என்பதால் நோட்டீஸின் அடிப்படையே தவறு என்றது நீதிமன்றம். ஆனால் புதிதாக நடவடிக்கை எடுக்கும் வாய்ப்பைக் குழுவுக்கு விட்டுவைத்தது. உடனே 2020 செப்டம்பர் 7இல் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. இதில் குற்றச்சாட்டு வேறு: பேரவைத் தலைவரின் அனுமதி இல்லாமல் காட்டினார்கள் என்பது. இதைத்தான் 2021 பிப்ரவரி 10 அன்று தனி நீதிபதி ரத்து செய்தார். அந்த உத்தரவையும் 2024 ஜூலை 31இல் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கி, நோட்டீஸுக்குப் பதில் தரச் சொன்னது. அதற்குள் ஆட்சி மாறி, நோட்டீஸ் பெற்றவரே முதலமைச்சராக இருந்தார். குற்றச்சாட்டு எது என்று ஒரே வரியில் எழுதிப் பார்க்காமல் தீர்ப்பைத் திறக்காதீர்கள்.

எதில் படிப்பது?

தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் தளம் போதும். செய்தியைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள், தீர்ப்பில் நோட்டீஸின் வாசகத்தையே எடுத்துக் கொடுத்திருப்பார்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைச் சொல் வைத்துத் தேடுவதைவிட நாள் வைத்துத் தேடுவது நல்லது. குறிப்பெடுக்க எக்செல் வேண்டாம். 40 பக்க நோட்டில் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள்: நாள், யார் கையில் இருக்கிறது, குற்றச்சாட்டு. என் குழப்பம் தீர்ந்தது மூன்றாவது பத்தியால்தான்.

பின்சேர்க்கை: பொதுமக்கள் நேரடியாகப் புகார் கொடுக்க முடியுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மக்களவை நெறிமுறைக் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் ஓர் எம்.பி. வழியாகத்தான் போக வேண்டும். நம் பேரவையில் பிரச்சினையை எழுப்புவது உறுப்பினர். அதனால் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். அவர் மேலேயே புகார் என்றால் வேறொரு உறுப்பினரை அணுகுங்கள். நடந்த நாள், சொன்ன வார்த்தை, கையில் உள்ள ஆவணம் மூன்றையும் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.