ராத்திரி கரண்ட் வந்ததும் எந்திரிக்கிற அக்காங்களே, ஓய்வு எடுக்குறது எப்படி

நடுராத்திரி ஒரு மணிக்கு தெருவுல "மீ லாபி"ன்னு (பர்மீஸ்ல கரண்ட் வந்துருச்சுன்னு) சத்தம் கேட்டதும் எந்திரிச்சு, மோட்டார் போட்டு தண்ணி ஏத்தி, குக்கர்ல சோறு வச்சு, பிள்ளைங்க யூனிஃபார்ம அயர்ன் பண்ணி, கொஞ்சம் கண்ண மூடி, மறுபடி 5 மணிக்கு எந்திரிச்சு பஸ்ஸுக்கு ஓடுறீங்கல்ல, உங்களுக்குத்தான் எழுதுறேன். ரங்கூன்ல நானும் ரெண்டு வருஷம் இப்படியே ஓடுனேன். ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டுக்கு நிக்கும்போதே கண்ணு இருட்டிருச்சு, பக்கத்துல இருந்த அத்தை தோளப் புடிச்சு உக்கார வச்சு, "கடைசியா எப்பம்மா நல்லா தூங்குன?"ன்னு கேட்டாங்க. எனக்கு சொல்லத் தெரியல, அழுகைதான் வந்துச்சு.

முதல்ல மனசுல இருக்குற குத்தத்த எறக்கி வைங்க. நீதிமொழிகள் 31ல வர்ற குணசாலியான ஸ்திரீய காட்டி, அவ விளக்கு ராத்திரியில அணையாதுன்னு நமக்கு சொல்லிச் சொல்லியே வளத்துட்டாங்க. ஆனா அதே அதிகாரத்துல 15ஆம் வசனத்த படிச்சுப் பாருங்க, அவ தன் வேலைக்காரிங்களுக்கு படியளந்தாளாம். கூட வேலை செய்ய ஆளு இருந்தாங்க அக்கா! நமக்கு யாரு இருக்கா? எலியாவையும் பாருங்க, 1 இராஜாக்கள் 19ல சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு போதும் கர்த்தாவே, சாகுறேன்னு சொன்ன மனுஷனுக்கு கர்த்தர் திட்டும் குடுக்கல, புத்தியும் சொல்லல, தூங்க விட்டாரு, தூதன் எழுப்பி தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், சாப்ட்டுட்டு திரும்பவும் தூங்குனாரு, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பாடுதான் குடுத்தான். கர்த்தர் அவர்கிட்ட பேசுனது அதுக்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேபுக்கு போன பிறகுதான்.

அதனால தூக்கத்துல இருந்தே ஆரம்பிங்க. பெரியவங்களுக்கு குறைஞ்சது 7 மணி நேரம் வேணும், ராத்திரி நடுவுல எந்திரிக்கிற வீட்டுல அது தானா கிடைக்காது, முறை வைக்கணும். ஒரு பேப்பர்ல ஏழு நாளையும் எழுதி, இன்னிக்கு அவரு, நாளைக்கு நீங்க, பெரிய பையன் இருந்தா சனிக்கிழமை அவன்னு மோட்டார் சுவிட்ச் பக்கத்துலயே ஒட்டிருங்க. வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடுற நேரத்துல இத பேசாதீங்க, சாப்ட்டு முடிச்சு உக்காந்திருக்கும்போது "ஏங்க, என்னால முடியல, வாரத்துல மூணு ராத்திரி நீங்க எந்திரிச்சா நான் தூங்குவேன்"னு கணக்கோட கேளுங்க. "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க"ன்னு மொட்டையா சொன்னா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க, என் அனுபவம். உங்க முறை இல்லாத ராத்திரி சத்தம் கேட்டாலும் எந்திரிக்காதீங்க, தண்ணி குறைஞ்சா குறையட்டும்.

அடுத்தது ஞாயித்துக்கிழமை. இங்க மியான்மர்ல 1951 தொழிற்சாலை சட்டத்துல வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை, ஞாயிறு லீவுன்னு இருக்கு, வீட்டு அடுப்படிக்கு அப்படி ஒரு சட்டம் இல்ல. ஆனா யாத்திராகமம் 20:10ல ஓய்வு நாள் கட்டளையிலேயே வேலைக்காரியையும் மிருகஜீவனையும் கூட கர்த்தர் சேத்து சொல்லியிருக்காரு. காலையில கடையில மொகிங்கா (மீன் சாறு ஊத்துன நூடுல்ஸ்) வாங்கிருங்க, மத்தியானம் சனிக்கிழமை வச்ச குழம்பு போதும், பிரியாணி மாசத்துக்கு ஒருக்கா போதும். சர்ச்சுல சண்டே ஸ்கூல், பாடகர் குழு, டீ கமிட்டின்னு மூணுலயும் இருந்தீங்கன்னா ஒண்ண விட்டுருங்க, "ஐயா, இந்த வருஷம் எனக்கு பதிலா வேற சகோதரி வரட்டும்"னு பாஸ்டர்கிட்ட நேரா சொல்லுங்க, காரணம் நீட்டி விளக்க வேண்டாம்.

நல்லா தூங்குனதுக்கு அப்புறமும் படி ஏறுனா மூச்சு வாங்குது, தலை சுத்துது, முடி கொட்டுதுன்னா ஜெபம் பண்ணிக்கிட்டே டாக்டர்கிட்டயும் போங்க, ரத்தத்துல ஹீமோகுளோபினும் தைராய்டும் பாக்கச் சொல்லுங்க. எனக்கு ரத்தம் குறைவா இருந்துச்சு, இரும்பு மாத்திரைய லெப்பெயேயோட, அதான் இங்க குடிக்கிற பால் டீயோட, முழுங்கிக்கிட்டு இருந்தேன், டீ இரும்புச் சத்த உடம்புல சேர விடாதுன்னு சயாமா (ஆஸ்பத்திரி அம்மா) சொன்ன பிறகுதான் தெரிஞ்சுச்சு. மாத்திரைக்கும் டீக்கும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. பிள்ளை பெத்து ரெண்டு வாரத்துக்கு மேலயும் காரணமில்லாம அழுகை வந்தா அது விசுவாசக் குறைச்சல் இல்ல, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஜெபத்துக்கு நேரமே இல்லன்னு வருத்தப்படாதீங்க. பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா போன உள்ள வச்சிட்டு சங்கீதம் 127:2ஐ மெதுவா ஒரு தடவை சொல்லுங்க, தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறவர்னு அதுல இருக்கு. சொல்லிக்கிட்டே தூக்கம் வந்தா தூங்குங்க, உங்க ஸ்டாப் வரும்போது எழுப்பச் சொல்லி பக்கத்து சீட் அக்காகிட்ட சொல்லி வச்சிருங்க.