பஹாய் சமயமும் ‘தவறாமை’யும்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஹாய் சமயத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் சிலர், “தங்கள் வேதத்தில் பிழையே கிடையாது என்பது பஹாய்களின் நம்பிக்கை” என்ற ஒரே வாக்கியத்தோடு இந்தப் பொருளைக் கடந்துவிடுகிறார்கள். வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் யாருடைய சொல், எதைப் பற்றிய சொல், எந்தப் பிரதியில் உள்ள சொல் என்ற மூன்று கேள்விகளும் அதில் காணாமல் போகின்றன. குழப்பங்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளம்புகின்றன.

முதல் சறுக்கல் சொல்லிலேயே நேர்கிறது. நாம் ‘தவறாமை’, ‘பிழையின்மை’ என்றெல்லாம் எழுதுவதன் மூலச்சொல் ‘இஸ்மத்’ என்னும் அரபுச் சொல். தடுத்துக் காத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். இமாம்கள் பாவத்திலிருந்தும் பிழையிலிருந்தும் இறைவனால் காக்கப்பட்டவர்கள் என்று சொல்ல ஷியா முஸ்லிம்கள் ஆண்டுவந்த சொல் அது; 1817இல் தெஹ்ரானில் ஷியா சமூகத்தில் பிறந்து பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவுக்கு அந்த மணத்தோடுதான் அது வந்து சேர்ந்தது. ஆகவே 1870ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கம் வகுத்த போப்பாண்டவர் தவறாமைக் கோட்பாட்டையோ, பைபிளின் ஒவ்வொரு வரியும் அறிவியல் உண்மை என்னும் வாதத்தையோ இதன்மேல் ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது.

அடுத்த தவறு, எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது. இன்றைய இஸ்ரேலிலுள்ள அக்கா நகரில் சுமார் 1873இல் எழுதப்பட்ட கித்தாப்-இ-அக்தஸ் என்னும் சட்டநூலில், ‘மிகப் பெரும் தவறாமை’யில் இறைத்தூதருக்குப் பங்காளி எவரும் இல்லை என்று பஹாவுல்லா அறுதியிடுகிறார். ‘இஷ்ராகாத்’ என்னும் அவருடைய நிருபமோ (மடலோ), இறைத்தூதர் தண்ணீரை மது என்று சொன்னாலும் அது உண்மையே என்னும் அளவுக்குப் போகிறது. இந்த வரியைத் தனியே பிய்த்தெடுத்து நகைப்பவர்கள் உண்டு. சூழலோடு படித்தால், எது ஆகும், எது ஆகாது என்று விதிக்கும் அதிகாரத்தைப் பற்றிய பேச்சு அது என்பதே என் வாசிப்பு. பஹாவுல்லாவின் மகனும் அவருக்குப் பின் சமயத்தை வழிநடத்தியவருமான அப்துல்-பஹா, 1904 முதல் 1906 வரை அக்காவில் அமெரிக்கப் பஹாயான லாரா கிளிஃபர்ட் பார்னியின் கேள்விகளுக்கு உணவு மேசையருகே அளித்து 1908இல் நூலான விடைகளில், இயல்பாகவே அமைந்த தவறாமை வேறு, அருளப்பட்ட தவறாமை வேறு என்று பிரிக்கிறார். முன்னது கதிரவனுக்கு ஒளி போன்றது. பின்னது இறைவன் தரும் காப்பு. அப்துல்-பஹாவின் பேரனும் அவருக்குப் பின் சமயத்தின் காவலராக இருந்தவருமான ஷோகி எஃபெண்டியின் தவறாமை, வேதத்துக்கு விளக்கம் சொல்வதோடும் சமயத்தின் நலனைக் காப்பதோடும் நின்றது. பொருளியலிலும் அறிவியலிலும் அது செல்லாது என்று அவர் சார்பில் எழுதப்பட்ட கடிதமே கூறுகிறது. 1963இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உலக நீதிமன்றத்தை (தி ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அல்ல, ஹைஃபாவிலிருந்து பஹாய் சமயத்தை நிர்வகிக்கும் ஒன்பது பேர் அவை) எடுத்துக்கொண்டால், தவறாமை அவைக்கு உண்டு, தனித்தனி உறுப்பினருக்கு இல்லை. அந்த அவையும் தான் முற்றறிவு உடையதல்ல என்றும், புதிய விவரங்கள் கிடைத்தால் தன் முடிவை மாற்றக்கூடும் என்றும் எழுதியிருக்கிறது.

இறையருளால் வரும் அறிவைக் கலைக்களஞ்சியமாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இதற்கு இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். பஹாவுல்லாவின் கித்தாப்-இ-இக்கான் நூலில், சுரங்கத்திலுள்ள செம்பு இறுகிவிடாமல் காக்கப்பட்டால் எழுபது ஆண்டுகளில் பொன்னாகும் என்று வருகிறது. அடுத்த மூச்சிலேயே, செம்பே பொன்தான், இறுகியதால் நோயுற்றது என்று கருதுவோரும் உண்டு என்கிறார். மனிதன் ஒரே கணத்தில் மாறக்கூடும் என்பதை விளக்க, அக்கால ரசவாதிகளின் பேச்சு அங்கே உவமையாக வந்திருக்கிறது. இதைக்கொண்டு அணுவியலை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று பெருமைப்படுவதும் வேண்டாம். வேதியியல் தெரியாதவர் என்று கைகொட்டுவதும் வேண்டாம்.

‘லவ்ஹ்-இ-ஹிக்மத்’ நிருபம் இன்னும் சிக்கலானது. கிரேக்கத் தத்துவஞானிகளில் எம்பிடாக்ளீஸ் தாவீதின் காலத்தவர், பித்தாகரஸ் சாலமோனின் காலத்தவர் என்று அது சொல்கிறது. இன்றைய வரலாற்றின்படி பித்தாகரஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டு, எம்பிடாக்ளீஸ் 5ஆம் நூற்றாண்டு. தாவீதுக்குச் சொல்லப்படும் காலமோ கி.மு. 10ஆம் நூற்றாண்டையொட்டியது. அந்த வரிகள் ஷஹ்ரஸ்தானி, அபுல்ஃபிதா ஆகிய இடைக்கால இஸ்லாமிய ஆசிரியர்களின் வாசகங்களை நெருங்கி ஒத்திருக்கின்றன. அதே நிருபத்தில், மக்களிடமுள்ள நூல்களைத் தாம் படித்ததில்லை என்றும், அறிஞர்களின் கூற்றுகளை எடுத்துச்சொல்ல விரும்பும்போது நூல்களில் உள்ளவை ஓர் ஏட்டைப்போலத் தம்முன் தோன்றும் என்றும் பஹாவுல்லா கூறுகிறார். ஒரு சாரார் வரலாற்றாசிரியர்களே தவறு என்கிறார்கள். மறு சாரார் இதோடு எல்லாம் கவிழ்ந்தது என்கிறார்கள். இரு சாராரும் ‘அறிஞர்களின் கூற்றுகள்’ என்ற தொடரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தம்முன் தோன்றுவது பிறர் சொல்லி வைத்தது என்றே அவர் சொல்கிறார். அதிலுள்ள காலக்கணக்குக்கு அவர் முத்திரை குத்தினாரா என்பது தனிக்கேள்வி. அலெக்சாந்தருக்கு முந்தைய வரலாறுகள் மிகவும் குழம்பியவை என்று பின்னாளில் அப்துல்-பஹாவும் எழுதினார். அறிவியலுக்கு மாறான சமயம் மூடநம்பிக்கையே என்று பேசியவரும் அவர்தான்.

பஹாவுல்லா ‘பள்ளிக்குச் செல்லாதவர்’ என்பதை எழுத்தறிவற்றவர் என்று எழுதுவதும் நடக்கிறது. உலகோர் கற்கும் கல்வியைத் தாம் கற்கவில்லை என்று பாரசீக மன்னருக்கு எழுதியது உண்மைதான். ஆனால் அமைச்சர் குடும்பத்துப் பிள்ளைக்குரிய எழுத்துப் பயிற்சியும் குர்ஆன் பயிற்சியும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தன.

இறைத்தூதரைத் தமிழில் ‘அவதாரம்’ என்று குறிப்பது வேறொரு வம்பை இழுத்துவருகிறது. இறைவன் உடலெடுத்து இறங்குவதைப் பஹாய்கள் ஏற்பதில்லை. மாசற்ற கண்ணாடியில் கதிரவன் தெரிவதுபோல என்பதே அவர்கள் சொல்லும் உவமை.

பைபிளைப் பற்றியும் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். மூல நற்செய்தி தொலைந்துபோனது என்ற வாதத்தை இக்கான் மறுக்கிறது. அதற்காக ஒவ்வொரு சொல்லையும் பஹாய்கள் ஏற்கிறார்கள் என்று ஆகிவிடாது; சாரத்தை ஏற்கிறோம், எல்லாச் சொற்களும் தூதரின் வாயிலிருந்து வந்தவை அல்ல என்பது ஷோகி எஃபெண்டியின் விளக்கம்.

கடைசியாக, மேற்கோள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பஹாவுல்லா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் மிர்ஸா ஆகா ஜான் எழுதிய வேகத்தில் தாளில் விழுந்தவை பிறரால் படிக்க முடியாத கீறல்கள். அவை பின்னர் தெளிவாகப் படியெடுக்கப்பட்டு, பஹாவுல்லாவின் பார்வைக்குச் சென்று திருந்திய பிறகே நிருபமாயின. யாத்திரிகர்கள் கேட்டதாக எழுதிவைத்த குறிப்புகளுக்கு அந்தத் தகுதி இல்லை. மூல எழுத்தால் உறுதிப்படாத எந்தச் செய்தியையும் நம்ப வேண்டாம் என்று அப்துல்-பஹாவே எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பும் அப்படியே. ஷோகி எஃபெண்டியின் ஆங்கிலத்தை வழிகாட்டியாகக் கொண்டு பாரசீகமும் அரபும் தமிழுக்கு வரும்போது, ஒரு தமிழ் விகுதியின்மேல் கோட்பாட்டு வாதத்தைக் கட்டுபவர் மூலத்தை விட்டு இரண்டு படி தள்ளி நிற்கிறார்.