முகாம் குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை பெற்றுத் தரும் முறை

நாகாவதி அணை, வாணியாறு போன்ற தருமபுரி மாவட்ட மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்கள், வருமான வரம்பின்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுடையவை என்பதை உதவச் செல்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். யாரேனும் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், இதைப் பணிவோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் பெயரில்தான் வரும். முகாம் அடையாள அட்டையையும் குடும்ப அட்டையையும் அருகருகே வைத்து, தலைப்பெழுத்து, எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி ஆகியவற்றை வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒன்றில் 'சிவநேசன்' என்றும் மற்றொன்றில் 'நேசன்' என்றும் இருந்தால், முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்துத் திருத்திய பின்னரே, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு இதற்காக ஒரு குடும்பத்தை அலையவிடுவது கொடுமை. ஆகவே நலமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அட்டை வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவசரத்துக்கு 108-ஐ அழைக்கலாம்.