காலா அசார் நோயாளிகளின் இரத்தத்தில் பாக்டீரியா தொற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலா அசார் எனப்படும் உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ் நோயில் உயிரிழப்புக்கு ஒட்டுண்ணி மட்டுமே காரணமாவதில்லை. அது பலவீனப்படுத்திய உடலுக்குள் நுழையும் பாக்டீரியாவும் முக்கியக் காரணம். மணல் ஈ கடித்துப் பரவும் இந்த ஒட்டுண்ணி எலும்பு மஜ்ஜையையும் மண்ணீரலையும் பாதிப்பதால், பாக்டீரியாவை எதிர்க்கும் நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அவை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே இறங்கியவர்கள், கைக்குழந்தைகள், ஊட்டச்சத்துக் குறைபாடு அல்லது எச்ஐவி தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிக அதிகம்.

முதல் தவறும் மிகப் பெரிய தவறும், காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிடுவதுதான். காலா அசாரே வாரக்கணக்கில் காய்ச்சலைத் தருவதால், அதனடியில் ஒளிந்திருக்கும் இரண்டாவது தொற்று எளிதில் கண்ணில் படாது. தக்க மருந்து தொடங்கினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் தணியத் தொடங்கும்; அப்படித் தணியாவிட்டாலோ, தணிந்தபின் மீண்டும் ஏறினாலோ, மூச்சு வேகமாகி இரத்த அழுத்தம் சரிந்தாலோ, பாக்டீரியா தொற்று இருக்கக்கூடும் என்றே கருதிச் செயல்பட வேண்டும். காலா அசாருக்குத் தரப்படும் ஆம்ஃபோடெரிசின் பி மருந்தை ஏற்றும்போது வரும் குளிர்நடுக்கம் மருந்தின் விளைவாகவே இருக்கலாம். ஆனால் மருந்து ஏற்றி முடித்துப் பல மணி நேரமாகியும் அடங்காத நடுக்கத்தை மருந்தின் மேல் போட்டுவிடக் கூடாது.

பரிசோதனை முடிவுகளும் ஏமாற்றக்கூடியவை. வெள்ளையணுக்கள் உயரவில்லை என்பதால் தொற்று இல்லை என்று இங்கே சொல்ல முடியாது. ஏற்கெனவே குறைந்திருந்த எண்ணிக்கை திடீரென இயல்பு அளவுக்கு வந்தால், அதுவே தொற்றின் அடையாளமாக இருக்கலாம். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் புரதத்தின் அளவு காலா அசாரிலேயே உயர்ந்திருக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதும் சரியன்று.

ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தால் கிருமி வளராமல் போகக்கூடும். தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, அது உலர்ந்த பின்னரே, இயன்றால் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து போதிய அளவு இரத்தம் எடுக்க வேண்டும். அதற்காக, மோசமான நிலையிலுள்ள நோயாளிக்கு முடிவு வரும்வரை மருந்தைத் தாமதிப்பது அதைவிடப் பெரிய தவறு. மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் கிருமிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மருந்தேற்ற இரத்தக்குழாயில் செருகிய ஊசிக்குழாயைத் தேவை முடிந்த பின்னும் கையிலேயே விட்டுவைப்பதும் தொற்றுக்கு வழி திறக்கும். அதைத் தினமும் பார்த்து, வேண்டாதபோது உடனே அகற்ற வேண்டும்.