ஜிஎஸ்டி பதிவு: விண்ணப்பம் திரும்பி வராமல் இருக்க

கடை போடப் போகிறேன் என்று சொன்னதுமே "ஜிஎஸ்டி எடுத்தாச்சா?" என்பார்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். சேவைத் தொழில் என்றால் 20 லட்சம். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவதாக இருந்தால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் போக, முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், படிவத்தைத் திறக்கும் முன் காகிதங்களைச் சரிபாருங்கள். இழுத்தடிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் பெயர்

நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆதாரில் 'செல்வம் க' என்றிருக்கும்; பானில் அதே ஆள் 'கந்தசாமி செல்வம்' ஆகியிருப்பார். போர்ட்டல் (விண்ணப்பிக்கும் ஜிஎஸ்டி இணையதளம்) பான் பெயரைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும், அதனால் அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். ஆதாரில் பெயரோ பிறந்த தேதியோ வேறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

அடுத்து கடை முகவரி

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வாடகை ஒப்பந்தம் கடைச் சொந்தக்காரம்மா பெயரில். ஈ.பி. பில்லோ பல வருடங்களுக்கு முன் காலமான அவர் மாமனார் பெயரில். இரண்டையும் அப்படியே ஏற்றிவிட்டேன். 'உரிமையாளர் யார்?' என்று கேள்வி வந்தது. கடைசியில் அந்தம்மா பெயரில் இருந்த சொத்து வரி ரசீது கைகொடுத்தது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஈ.பி. பில், சொத்து வரி ரசீது இரண்டையும் வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் பெயரில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்றால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் சேர்க்க வேண்டும். அப்பா வீட்டிலேயே தொழில் என்றால் வெள்ளைத்தாளில் அவருடைய சம்மதக் கடிதம், அவர் அடையாளச் சான்று, வீட்டு வரி ரசீது.

படிவம்

முதல் பகுதியை முடித்ததும் டிஆர்என் என்ற தற்காலிக எண் வரும். 15 நாளுக்குள் மீதியை நிரப்பி அனுப்ப வேண்டும். மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆடிட்டர் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி முதல் நோட்டீஸ் வரை அவருக்குத்தான் போகும். அவர் ஊரில் இல்லாத வாரத்தில்தான் எல்லாம் வந்து சேரும்!

ஆதார் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். தவிர்த்தால் கடையை நேரில் பார்க்க ஆள் வருவார்கள், முடிவுக்கு 30 நாள் வரை ஆகலாம். சரிபார்ப்பை முடித்துவிட்டால் பொதுவாக 7 வேலை நாள். சிலரைக் கைரேகை வைக்க ஜிஎஸ்டி சுவிதா கேந்திராவுக்கு வரச் சொல்வதும் உண்டு. ஏஆர்என் என்ற ஒப்புகை எண் வந்தால்தான் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

நோட்டீஸ் வந்தால்

ஆர்இஜி-03 என்று ஒரு கேள்விக் கடிதம் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் 7 வேலை நாளுக்குள் பதில் போட்டாக வேண்டும். கேட்டதற்கு மட்டும் வரிசை எண் போட்டுப் பதில் எழுதி, சான்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து இணையுங்கள். போனில் எடுத்த மங்கல் படம் வேண்டாம்.

அரசு குறித்த பட்டியலில் இல்லாத ஆவணமோ, சம்பந்தமில்லாத கேள்வியோ கேட்டால்? 'உங்கள் வீடு வேறு ஊரில் இருக்கிறதே, ஏன்?' என்பது போன்ற ஊகக் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்று மத்திய வரி வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று 03/2025 எண்ணில் அறிவுறுத்தல் விட்டிருக்கிறது. பதிலில் அந்த எண்ணைப் பணிவாகக் குறிப்பிடலாம். சண்டை தொனி வேண்டாம். நிராகரித்தாலும் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33 என்று தொடங்கும். சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டி, பெயர்ப்பலகையில் எண்ணை எழுதுங்கள். அப்புறம், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்) உண்டு. மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.