பழைய கம்ப்யூட்டரில் ஒரு குட்டி பேக்ஸ்

தர்மபுரி பஸ் நிலையத்தில் பெரிய பிலிம் கவரோடு சேலத்துக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். போன இடத்தில் டாக்டர் முதலில் கேட்பது "சிடி இருக்கா?" என்றுதான். (சிடி ஸ்கேன் வேறு, சிடி தட்டு வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இங்கே கேட்பது தட்டை.) பிலிமில் அச்சானதை மாற்ற முடியாது. மூலப் படம் இருந்தால், அதே ஸ்கேனை நுரையீரல் தெளியும்படி ஒருமுறை, எலும்பு தெளியும்படி ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம்.

அந்த மூலப் படங்களைச் சேர்த்துவைத்து, தேடி எடுத்து, அனுப்புகிற ஏற்பாடுதான் பேக்ஸ் (PACS). மெஷின் எந்தக் கம்பெனியுடையதானாலும் படம் டைகாம் (DICOM) என்ற பொது வடிவில் வரும். பழகிப் பார்க்க ஆர்த்தாங்க் (Orthanc) என்ற இலவச மென்பொருள் போதும். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது.

படி 1: விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். சேமிக்கும் இடம் கேட்கும்போது காலியான பெரிய டிஸ்கைக் காட்டுங்கள். சிடி ஸ்கேனில் ஒரு படம் சுமார் அரை எம்பி. 300 படம் என்றால் 150 எம்பி.

படி 2: பிரவுசரில் localhost:8042 என்று அடியுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்றால் இதே கம்ப்யூட்டர்; 8042 என்பது போர்ட், அதாவது மென்பொருளின் வாசல் எண். அப்லோட் பகுதியில் ஒரு ஸ்கேன் தட்டின் பைல்களைப் போடுங்கள். நோயாளி பெயர் வந்தால் சரி.

படி 3: எக்ஸ்ரே கன்சோலில் மூன்று விவரம் கொடுங்கள்: கம்ப்யூட்டரின் ஐபி முகவரி, போர்ட் 4242, ஏஇ டைட்டில் (டைகாமில் ஒரு கருவியின் பெயர்) ORTHANC, ஆங்கிலப் பெரிய எழுத்தில். அப்புறம் எக்கோ சோதனை (இதய எக்கோ அல்ல, இணைப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பது). பதில் வராவிட்டால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்தான் மறிக்கிறது. ஐபியை நிலையாக வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறினால் மெஷின் திருதிருவென்று முழிக்கும்.

படி 4: இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கம் மாதம்மாள், முனியம்மாள் என்று ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஆர்த்தாங்க் ஆளை அடையாளம் காண்பது பெயரை வைத்து அல்ல, நோயாளி எண்ணை வைத்து. நான் உதவப் போன ஒரு சென்டரில் தினமும் 1, 2 என்று புதிதாக எண் போட்டிருந்தார்கள். ஒரு வாரத்து முதல் நோயாளிகள் எல்லாரும் ஒரே ஆளாகிக் கிடந்தார்கள்! பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆண்டையும் வரிசை எண்ணையும் சேர்த்து அடியுங்கள்.

படி 5: வெளியூர் டாக்டருக்கு ஜிப்பாக இறக்கி அனுப்புங்கள். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புவது பிலிமைவிட மோசம். பாடம் நடத்தத் தருவதானால் அடையாளம் நீக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஆனால் அல்ட்ராசவுண்டில் படத்தின் மேலேயே அச்சான பெயர் அதில் போகாது.

போர்ட்களை வெளி இன்டர்நெட்டுக்குத் திறக்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை ஆர்த்தாங்க் சர்வீஸை நிறுத்திவிட்டு, படங்களோடு இண்டெக்ஸையும் (எந்தப் படம் யாருடையது என்ற பட்டியல்) சேர்த்து வேறு டிஸ்கில் நகல் எடுங்கள்.