பாசி பிடித்த ஏரியில் மஸ்கி: எங்கே தவறுகிறோம்?

ஆகஸ்ட் வந்தால் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் பல ஏரிகள் கீரையை மசித்துக் கரைத்துவிட்டது போல் ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியின் தெற்குப் பகுதி இதற்குப் பேர்போனது. மஸ்கியோ, மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் பெரிய நன்னீர் மீன்; பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று மாட்டும் என்று பெயர் வாங்கியது. பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் சிலர் படகைத் திருப்பிவிடுவார்கள். மிச்சப் பேர், தெளிந்த தண்ணீரில் செய்வதையே இங்கேயும் செய்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள்.

தெளிந்த தண்ணீரில் மஸ்கி இரையைத் தூரத்திலிருந்தே கண்ணால் பார்த்து, மெல்லப் பின்தொடர்ந்து வந்து தாக்கும். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மஸ்கியின் கண்ணை மறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அது இரையைப் பிடித்தது. ஆனால் தேடிப் போகவில்லை. இரை மிக அருகே வரும்வரை அசையாமல் இருந்து பாய்ந்தது. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக்கோடு தண்ணீரின் அதிர்வைச் சொல்லிவிடுகிறது. பாசித் தண்ணீரும் ஏறக்குறைய கண்ணை மறைப்பதுதான். அதனால் நீளமாக வீசிப் பெரிய பரப்பை வேகமாகத் துழாவுவது வீண். நல்ல இடம் என்று தோன்றினால் அங்கேயே நின்று, நெருக்கி நெருக்கி வீசி, மெதுவாக இழுங்கள். படகோரம் வந்ததும் தூண்டிலைத் தூக்கிவிடாமல், லைசென்ஸுக்கு எட்டு போடுவது போல தண்ணீருக்குள் அகலமாக எட்டு போடுங்கள். மீன் பின்னால் வருவது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இதை விடுவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு.

தூண்டிலில் மாட்டும் இரையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். அசல் மீன் போலவே வண்ணம் தீட்டிய அழகான பொம்மை மீன்கள் இங்கே எடுபடாது. தண்ணீரை உதைத்துச் சுழலும் பெரிய தகடு வைத்த இரைதான் வேண்டும். நிறம் கறுப்பு, அல்லது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. முள்ளில் ஒரு இழை பாசி சிக்கினாலும் தகடு சரியாகச் சுழலாது. சலிக்காமல் ஒவ்வொரு வீச்சுக்கும் துடைக்க வேண்டியதுதான்.

இடம் தேர்வதில் காற்றை மறந்துவிடுகிறோம். நீலப்பச்சைப் பாசி மிதக்கும். காற்று அதை எதிர்க்கரையில் கொண்டுபோய் ஒதுக்கும். அதே ஏரியில் காற்று புறப்படும் கரை, ஓடை வந்து சேரும் வாய், நீரோட்டமுள்ள குறுகிய இடம் எல்லாம் ஓரளவு தெளிவாகவே இருக்கும். ‘சூடாக இருக்கிறதே, மீன் ஆழத்துக்குப் போயிருக்கும்’ என்று அடியில் தேடுவதும் சரிவராது. செத்த பாசி கீழே போய் அழுகி, ஆழத்தில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அந்தக் குளிர்ந்த அடி அடுக்குக்கு மேலே, நடுத்தண்ணீரில் தேடுங்கள்.

அப்புறம் விடிகாலை. மற்ற நாட்களில் அது பொன்னான நேரம். பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும். இரவு முழுக்க அதுவே உறிஞ்சும். ஆக, தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்னால்தான். அப்போது போராடிக் களைத்த மீன் மீள்வது கடினம். தண்ணீரின் சூடு 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 27 டிகிரி செல்சியஸைத் தொட்டால் எந்த நேரத்திலும் மஸ்கி பிடிக்காதீர்கள். மினசோட்டாவின் பெரும்பாலான நீர்நிலைகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. எப்படியும் திருப்பி விடத்தான் போகிறோம். செத்துப்போகும் மீனை விட்டு என்ன பயன்? மாட்டினால் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை வெட்டி எடுங்கள். பாசிப் படலத்துக்கு நடுவே விடாமல், படகைத் தெளிந்த பக்கம் நகர்த்திக்கொண்டு விடுங்கள்.

பச்சையெல்லாம் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு குச்சியை விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் இழைப்பாசி, தொல்லைதானே தவிர நஞ்சில்லை. பெயின்ட் பூசியது போல் ஒட்டி வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் நஞ்சு உண்டா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. கை கழுவாமல் சாண்ட்விச்சைத் தொடாதீர்கள். ஏரித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரிப் பாசியால் அமெரிக்காவின் டொலிடோ நகரின் குடிநீர் கெட்டபோது, அதைக் கொதிக்கவைக்கவே கூடாது என்றுதான் மக்களுக்குச் சொன்னார்கள். தண்ணீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு கூடும். நாயைப் படகில் ஏற்றாமல் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏரியில் குதித்துவிட்டு ஏறி வந்து, மயிரில் ஒட்டியதை நக்கும். நஞ்சுள்ள பாசியாக இருந்தால் அந்த அளவேகூட அதைக் கொன்றுவிடலாம்.